இத்தாலியின் பழைய கல் மேசைகள்: எப்படிச் செய்தார்கள், அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரன்ஸ் போனபோது அருங்காட்சியகத்தில் ஒரு மேசையைப் பார்த்திருக்கிறீர்கள். கறுப்புப் பின்னணியில் பூ, பழம், கிளி எல்லாம் இருக்க, யாரோ வரைந்து மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தீர்கள், வழிகாட்டி அத்தனையும் கல் என்று சொன்னதும் நம்ப முடியவில்லை. எப்படிச் செய்தார்கள், ஏன் இவ்வளவு விலை, கடையில் பார்த்த அதே மாதிரி மேசை பழையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எப்படிச் செய்தார்கள் என்பது புரிந்தால்தான் மற்ற இரண்டும் புரியும்.

வழிகாட்டி சொன்னது சரி. அந்த மேசையில் இருக்கும் வண்ணம் பூசிய வண்ணம் அல்ல, தேடி எடுத்த வண்ணம். ஒரு ரோஜா இதழைப் பாருங்கள், விளிம்பில் வெளிறிய சிவப்பு, உள்ளே போகப் போக அடர்த்தி, மடிப்பில் கிட்டத்தட்ட பழுப்பு. ஓவியன் இதைத் தூரிகையில் இரண்டு இழுப்பில் செய்துவிடுவான். கல் வேலைக்காரன் என்ன செய்வான்? எந்தக் கல்லில், எந்த ஓரத்தில், வெளிறிய சிவப்பு இப்படியே மெல்ல மெல்லப் பழுப்பாக மாறுகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்து, இதழின் வடிவத்தில் அதை மட்டும் அறுத்து எடுப்பான். அந்த நிழல் பூமிக்குள் உருவானது, மனிதன் செய்தது அதைப் பார்த்தது மட்டும்தான். இந்தப் பார்வைதான் இந்தக் கலையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். கையின் திறமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கண்ணின் திறமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பெயர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். இத்தாலியில் இந்தக் கற்களை ‘பியெத்ரே தூரே’ என்பார்கள், கடினமான கற்கள் என்று பொருள். அகேட், ஜாஸ்பர், கால்சிடனி, சூதுபவளம் போன்றவை இந்தக் கூட்டம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சலவைக்கல் 3, இவை கிட்டத்தட்ட 7. சாதாரண எஃகுக் கத்தி சலவைக்கல்லைக் கீறும், அகேட்டைக் கீறாது. ஃப்ளோரன்ஸ் முறைக்குத் தனியாகக் ‘கொம்மெஸ்ஸோ’ என்று பெயர், ஒன்றோடு ஒன்று பொருத்திச் சேர்த்தது என்ற அர்த்தத்தில். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பொதுவாகப் ‘பியெத்ரா தூரா’ என்று சொல்லிவிடுகிறார்கள். சலவைக்கல்லால் மட்டும் செய்த மேசையையும் விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதனால் அந்தச் சொல்லை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இந்த வேலை முதலில் ரோமில்தான் மறுபடி உயிர் பெற்றது. 16ஆம் நூற்றாண்டு ரோமில் மண்ணைத் தோண்டினால் பழைய பேரரசின் மாளிகைகளில் பதித்திருந்த வண்ணக் கற்கள் உடைந்த தூண்களாகவும் தரைப் பலகைகளாகவும் வந்துகொண்டே இருந்தன. எகிப்தின் ஊதாநிற போர்ஃபிரி, துனிசியாவின் மஞ்சள் சலவைக்கல், கிரேக்கத்தின் தெஸ்ஸாலியிலிருந்து வந்த பச்சைக்கல், தென் கிரேக்கத்தின் சிவப்புக்கல் எல்லாம் அதில் உண்டு. பேரரசர்கள் காலத்தில் கடல் தாண்டிக் கொண்டுவந்த சரக்கு அது. பேரரசு போய் ஆயிரம் வருடம் ஆன பிறகு அதே கற்களை வெட்டிக் கர்தினால்களின், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குருமார்களின், மேசைகளில் பதித்தார்கள். ரோம் மேசைகளில் பெரும்பாலும் வட்டம், நீள்வட்டம், கேடயம், கொடி என்று வடிவங்கள்தான் இருக்கும், பூவும் பறவையும் குறைவு. நடுவில் பெரிய அலபாஸ்டர் பலகை ஒன்றை வைத்து அதன் மேகம் போன்ற கோடுகளையே காட்சியாக விடுவார்கள்.

இந்த வகையில் உச்சம் என்று நான் சொல்வது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபார்னேசே மேசை. 1560களின் கடைசியில் தொடங்கி 1570களின் முற்பகுதிக்குள் செய்தது, வடிவமைத்தவர் விஞ்ஞோலா என்ற கட்டடக் கலைஞர், கர்தினால் அலெஸாந்த்ரோ ஃபார்னேசேயின் ரோம் அரண்மனைக்காக. நீளம் கிட்டத்தட்ட 3.8 மீட்டர். கால்களும் சலவைக்கல்தான், அவற்றில் குடும்பச் சின்னமான லில்லிப் பூ செதுக்கியிருக்கிறது. மேற்பலகையின் நடுவில் இரண்டு எகிப்திய அலபாஸ்டர் பலகைகள். நாலு பேர் தூக்கி நகர்த்துகிற சாமான் இல்லை இது, ஒரு அறையை இதற்காகவே கட்டியது போல உட்கார்ந்திருக்கும்.

ஃப்ளோரன்ஸுக்கு வருவோம். ஃப்ளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தின் முதலாம் ஃப்ரான்செஸ்கோ கல், ரசவாதம், பீங்கான் என்று பித்துப் பிடித்து அலைந்தவர். மிலான் நகரில் ஸ்படிகம் கடைபவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அவர்களில் சிலரை, கரோனி சகோதரர்கள், கஃபுர்ரி குடும்பம் ஆகியோரை, 1570களில் ஃப்ளோரன்ஸுக்கு வரவழைத்தார். கடினக் கல்லை அறுக்கத் தெரிந்த கைகள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. 1587இல் அவர் இறந்ததும் தம்பி ஃபெர்தினாந்தோ ஆட்சிக்கு வந்தார். இவர் அதுவரை ரோமில் கர்தினாலாக இருந்தவர், ரோம் மேசைகளின் ருசி அறிந்தவர். அண்ணன் சேர்த்து வைத்த மிலான் கைவினையும் தம்பி கொண்டுவந்த ரோம் ரசனையும் ஒரே கூரையின் கீழ் வந்தது 1588இல், அந்த ஆண்டுதான் அரசுப் பட்டறையை முறையாக நிறுவினார்கள். பட்டறைகளை மேற்பார்வையிட நியமித்தவர் எமிலியோ தே கவாலியேரி, அவர் ஒரு இசையமைப்பாளர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த தகவல். அந்தப் பட்டறை இன்றும் இருக்கிறது. ‘ஒபிஃபிச்சோ தெல்லே பியெத்ரே தூரே’ என்ற பெயரில், இப்போது இத்தாலியின் மிகப் பெரிய கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனங்களில் ஒன்றாக.

பட்டறையின் பெரிய வேலை என்று தொடக்கத்தில் நினைத்தது மேசை இல்லை, கல்லறை. சான் லொரென்ஸோ தேவாலயத்தை ஒட்டி மெடிசி பிரபுக்களின் கல்லறை மண்டபத்தை 1604இல் தொடங்கினார்கள். சுவர் முழுக்க வண்ணக்கல், ஃப்ளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி பகுதியின் நகரச் சின்னங்கள் கல்லிலேயே. அது முடியவே முடியாத வேலையாகி, தரை வேலை 20ஆம் நூற்றாண்டு வரை இழுத்தது. ஆனால் அந்த ஒரு மண்டபத்துக்காகக் கல் தேடப் போனதால்தான் பட்டறையில் கல் குவிந்தது, ஆட்கள் தேறினார்கள், மேசைகளும் அலமாரிகளும் அதன் நிழலில் வளர்ந்தன.

சரி, செய்முறை. முதலில் ஓவியர் முழு அளவில் வண்ணப் படம் வரைவார். அதை அப்படியே மெல்லிய தாளில் படியெடுத்து, ஒவ்வொரு இதழ், ஒவ்வொரு இறகு, ஒவ்வொரு நிழலுக்கும் தனித்தனியாக வெட்டி எண் போடுவார்கள். அடுத்து வருவதுதான் நான் மேலே சொன்ன தேடல். கல்லை ஏற்கனவே சில மில்லிமீட்டர் தடிமனில் பலகை பலகையாக அறுத்து வைத்திருப்பார்கள். இதழின் வடிவத்தில் ஓட்டை போட்ட ஒரு தாளை எடுத்து அந்தக் கல் பலகையின் மேல் மெதுவாக நகர்த்துவார் வேலைக்காரர். ஓட்டைக்குள் தெரியும் கல் இதழாகத் தெரியும் வரை நகர்த்திக்கொண்டே இருப்பார், திருப்புவார், சாய்ப்பார், இல்லை என்றால் அடுத்த பலகை. தண்ணீர் தொட்டுப் பார்ப்பதும் உண்டு, ஏனென்றால் மெருகேற்றாத கல்லின் நிறம் மங்கலாக இருக்கும், ஈரமானால்தான் கடைசியில் வரப்போகும் நிறம் தெரியும். ஒரு பலகையில் நல்ல இடம் ஒன்றே ஒன்று இருந்தால் அதற்காக மீதிப் பலகை முழுவதையும் பாழாக்கத் தயங்கமாட்டார்கள், இது செலவின் பெரிய பகுதி.

இடம் கிடைத்ததும் தாளை அங்கே ஒட்டி, பலகையைப் பிடிப்பில் செங்குத்தாக நிறுத்தி அறுப்பார்கள். அறுக்கும் கருவியைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வளைத்த மரக்கொம்பு, அதன் இரண்டு முனைக்கும் நடுவே இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி, அவ்வளவுதான், வில்லைப் போல. கம்பிக்குப் பல் கிடையாது. அது கல்லை அறுப்பதே இல்லை, தண்ணீரில் குழைத்த எமரிப் பொடியைக் கல்லின் மேல் இழுத்துத் தேய்க்கிறது, பொடிதான் அறுக்கிறது. ஒரு கையால் வில்லை இழுத்துக்கொண்டே மறு கையால் சின்னக் கரண்டியில் பொடிக்குழம்பை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எமரிக்குள் இருக்கும் கடினமான பொருள் குருந்தம். ஆங்கிலத்தில் அதை கொரண்டம் என்கிறார்களே, அந்தச் சொல் நம் குருந்தத்திலிருந்து போனதுதான். ஃப்ளோரன்ஸ் மேசையின் முன்னால் நிற்கும் தமிழருக்குச் சொந்தம் கொண்டாட இந்த ஒரு சொல் இருக்கிறது.

நகத்தளவு அகேட் துண்டு ஒன்றை இப்படி வளைவாக அறுக்கவே எக்கச்சக்கமான நேரம் ஆகும். அறுத்த பிறகு விளிம்பை அரத்தாலும் பொடியாலும் தேய்த்துப் பக்கத்துத் துண்டோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள், இடையில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் மறுபடி தேய்ப்பு. விளிம்பை மேலிருந்து கீழே சற்று உள்ளே சரிவாகத் தேய்ப்பது ஒரு நுணுக்கம். மேற்பரப்பில் துண்டுகள் முத்தமிடுவது போல ஒட்டியிருக்கும், அடியில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிக்குள் ஒட்டும் பசை போய் உட்காரும். அதனால்தான் மேலே பசைக்கோடு தெரிவதில்லை. பசை என்பது மரப்பிசினும் தேன்மெழுகும் சேர்த்து உருக்கியது. எல்லாத் துண்டுகளையும் கவிழ்த்து வைத்துச் சேர்த்து, பின்பக்கம் முழுவதும் ஒரு சிலேட் பலகையை ஒட்டித் திருப்பினால் படம் தெரியும், ஆனால் மங்கலாக. அப்புறம் வாரக்கணக்கில் மெருகு, பொடி வரவர நுண்மையாகிக்கொண்டே போகும். கடைசியில் கண்ணாடி போன்ற அந்தப் பளபளப்பு வருவது மேலே பூசிய எதனாலும் இல்லை, கல்லே அப்படி மின்னுகிறது. நீங்கள் வார்னிஷ் என்று நினைத்தது இதைத்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆக்ராவில் செய்வதைப் பார்த்தவர்கள் இதுவும் அதே முறை என்று நினைப்பார்கள். ஆக்ராவில் வெள்ளைச் சலவைக்கல்லில் குழி தோண்டி அதற்குள் வண்ணக்கல்லைப் பதிக்கிறார்கள், பின்னணி ஒரே கல்லாக இருக்கும். ஃப்ளோரன்ஸில் பெரும்பாலும் குழியே கிடையாது, பின்னணியும் துண்டுதான், எல்லாம் சேர்ந்து ஒரே தோலாகச் சிலேட்டின் மேல் நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. டெல்லி செங்கோட்டையில் அரியணைக்குப் பின்னால் உள்ள சுவரில், கிரேக்கப் புராணத்தின் பாடகன் ஆர்ஃபியஸ் இசைக்க, அவனைச் சுற்றி விலங்குகள் உட்கார்ந்திருக்கும் ஒரு பலகை இருக்கிறது. அது ஃப்ளோரன்ஸ் வேலை. முகலாயர் இந்தக் கலையை இத்தாலியரிடமிருந்து எடுத்தார்களா, தாங்களே வளர்த்தார்களா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

கற்கள் எங்கிருந்து வந்தன? நீலத்துக்கு லாபிஸ் லசூலி, ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து, தங்கத்துக்கு நிகரான மரியாதையோடு. ஜாஸ்பர் சிசிலியிலிருந்தும் பொஹிமியாவிலிருந்தும், கால்சிடனி பக்கத்திலேயே வோல்தெர்ராவிலிருந்து, பச்சை ஜாஸ்பர் கோர்சிகாவிலிருந்து. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ளோரன்ஸைச் சுற்றியே கிடைக்கும் ஒரு சாதாரணச் சுண்ணாம்புக்கல். இரும்பும் மாங்கனீஸும் கலந்த நீர் அதன் விரிசல்களில் இறங்கி இறங்கி, அறுத்துப் பார்த்தால் இடிந்த கோட்டைகள் வரிசையாக நிற்பது போலவும் மேலே மேகம் மூடிய வானம் போலவும் தெரியும். ‘பியெத்ரா பயேஸினா’ என்பார்கள், நிலக்காட்சிக் கல். இதை வெட்டி ஒட்டவே வேண்டாம், அறுத்த பலகையை அப்படியே அலமாரி இழுப்பறையின் முகப்பில் பதித்துவிட்டார்கள், அதுவே ஓவியம். விலை பெறாத கல்லை விலைமதிப்பற்றதாக்குவது கண்தான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

ஃப்ளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் லிவோர்னோ துறைமுகம் தெரியும் ஒரு மேற்பலகை இருக்கிறது. படம் வரைந்தவர் யாகொப்போ லிகோஸி, கல்லில் செய்தவர் கிறிஸ்தோஃபனோ கஃபுர்ரி, 17ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில். கடல் முழுக்க லாபிஸ். லாபிஸில் இயற்கையாகவே வெள்ளையும் சாம்பலுமாகக் கோடுகள் ஓடும், நகைக்காரர்கள் அதைக் குறை என்று ஒதுக்குவார்கள். இங்கே அந்தக் கோடுகள்தான் அலை. துண்டு துண்டாகத் திருப்பித் திருப்பி வைத்து அலைகளை ஒரே திசையில் ஓட விட்டிருக்கிறார்கள். அடுத்த முறை போனால் கப்பல்களை விட்டுவிட்டு அந்தக் கடலை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள்.

அதே உஃபிஸியின் எண்கோண அறையின் நடுவே ஒரு எண்கோண மேசை நிற்கிறது. பூ வேலைகளுக்கு லிகோஸியின் வரைபடம், 1633இல் தொடங்கி 1649இல் முடித்தார்கள். ஒரு மேசை, பதினாறு வருடம். லிகோஸி 1627இலேயே இறந்துவிட்டார், அவருடைய பூக்கள் கல்லாக மாறி முடிந்ததை அவர் பார்க்கவே இல்லை. செடிகளையும் பறவைகளையும் மெடிசிக்காக அறிவியல் துல்லியத்தோடு வரைந்தவர் அவர், அதனால்தான் ஃப்ளோரன்ஸ் மேசைகளின் பூக்களைப் பார்த்தால் இன்ன செடி என்று பெயர் சொல்ல முடிகிறது. பெல்ஜியத்திலிருந்து வந்த கறுப்புச் சலவைக்கல்லைப் பின்னணியாக வைப்பதும் இந்தக் காலத்தில்தான் வழக்கமாயிற்று. கறுப்பு வந்ததும் வண்ணங்கள் முன்னால் குதித்து வந்துவிட்டன, அந்தத் தோற்றம்தான் பிறகு உலகத்துக்கே ‘ஃப்ளோரன்ஸ் மேசை’யின் முகமாகிப் போனது.

இனி விலை. 1694 முதல் 1725 வரை பட்டறையை நடத்தியவர் சிற்பி ஜொவான்னி பத்திஸ்தா ஃபொஜ்ஜினி. அவர் கையில் மேசையைவிட அலமாரிகள் முக்கியமாகின. கருங்காலி மரம், தங்க முலாம் பூசிய வெண்கலம், அவற்றுக்கு நடுவே தட்டையான கல் படங்கள், அதோடு நிஜப் பழம் போலவே உருண்டு திரண்டு வெளியே தள்ளி நிற்கும் கல் பழங்கள். சூதுபவளத்தில் செர்ரி, அமெதிஸ்டில் திராட்சை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய மரணத்துக்கு அடுத்த ஆண்டு, 1726இல், பத்தொன்பது வயது ஆங்கிலப் பிரபு ஒருவர், மூன்றாவது போஃபோர்ட் பிரபு, ஃப்ளோரன்ஸ் வழியாகப் போகும்போது ஒரு அலமாரிக்குச் சொல்லி வைத்தார். ஆறு வருடம் ஆயிற்று. உயரம் 3.86 மீட்டர், உச்சியில் கடிகாரம். இங்கிலாந்தில் அவர்களுடைய பேட்மின்டன் மாளிகையில் நின்றதால் அதற்கு பேட்மின்டன் அலமாரி என்றே பெயர்.

அந்த அலமாரி 1990இல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 85 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. 2004 டிசம்பரில் அதே நிறுவனத்தின் ஏலத்தில் 1 கோடியே 90 லட்சம் பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 160 கோடி ரூபாய். இரண்டு முறையும் மரச்சாமான் ஏல வரலாற்றில் அதுதான் சாதனை விலை. வாங்கியவர் லிக்டென்ஸ்டைன் இளவரசர், இப்போது வியன்னாவில் இருக்கிறது. கல்லுக்கு இவ்வளவு விலையா என்று கேட்டால், இல்லை. அதிலிருக்கும் லாபிஸையும் அகேட்டையும் கழற்றி எடை போட்டு விற்றால் இந்தத் தொகையின் தூசி அளவுகூட வராது. ஒரு அரசே நடத்திய பட்டறையின் ஆட்கள் ஆறு வருடம் ஒரு வெளியாளுக்காக உட்கார்ந்தார்கள், அப்படி நடந்தது மிக அரிது, அது நடந்து சில வருடத்தில் மெடிசி குலமே முடிந்துபோயிற்று. விலை அதற்குத்தான்.

1737இல் கடைசி மெடிசி பிரபு வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய அக்கா அன்னா மரியா லூயிசா, குடும்பத்தின் கலைச் செல்வங்கள் எதுவும் ஃப்ளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று அதே ஆண்டில் ஒப்பந்தம் எழுதி வைத்தார். நீங்கள் அந்த மேசையை ஃப்ளோரன்ஸிலேயே பார்க்க முடிந்தது அந்த அம்மாவின் புண்ணியம். கைவினைஞர்கள் சிலர் நேப்பிள்ஸ் போய் அங்கே அரசருக்குப் பட்டறை அமைத்தார்கள், அந்த அரசர் ஸ்பெயினுக்கு அரசராகப் போனதும் மாட்ரிடிலும் ஒன்று வந்தது. அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே பிராகில் இரண்டாம் ருடால்ஃப் பேரரசரிடமும், பிறகு பாரிஸில் பதினான்காம் லூயியின் கோப்லான் பட்டறையிலும் இத்தாலியக் கைகள் வேலை செய்திருக்கின்றன. அதனால் ‘இத்தாலிய மேசை’ என்று ஒன்று வந்தால் அது இத்தாலியில் செய்ததாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

உங்கள் கடை மேசைக்கு வருகிறேன். முதல் சந்தேகம் அது கல்தானா என்பது. ஸ்கல்யோலா என்று ஒரு வேலை இருக்கிறது: ஜிப்சம் பொடி, பசை, நிறமி மூன்றையும் பிசைந்து கல்லைப் போலவே ஆக்கி, குழிகளில் நிரப்பி, காய்ந்ததும் தேய்த்து மெருகேற்றுவது. 17ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் கார்ப்பியில் இது பெரிய கலையாகவே இருந்தது. இதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள், நல்ல பழைய ஸ்கல்யோலா மேசைக்குத் தனி மதிப்பு உண்டு, ஆனால் கல் விலைக்கு வாங்கக் கூடாது. உள்ளங்கையை வையுங்கள், கல் சில்லென்று இருக்கும், ஸ்கல்யோலா அந்த அளவுக்குக் குளிராது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரு இலையைப் பாருங்கள். கல்லென்றால் உள்ளே ஆழம் தெரியும், படிகம் மின்னும், வரி ஒன்று தொடங்கி இலையின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும். ஸ்கல்யோலாவில் நிறம் மேல்தளத்திலேயே நின்றுவிடும், கோடுகள் கீறி நிரப்பியது போல இருக்கும், சின்னச் சின்னக் காற்றுக் குமிழி ஓட்டைகளும் தெரியலாம்.

கல்தான் என்று உறுதியானால் எந்தக் கல் என்று பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மேற்பரப்பைச் சாய்வாகப் பாருங்கள். கடினக்கல் இருநூறு வருடம் ஆனாலும் கண்ணாடி மாதிரி மின்னும், பக்கத்திலிருக்கும் சலவைக்கல் கொஞ்சம் மங்கி, சற்றுத் தேய்ந்து கீழிறங்கியும் இருக்கும். விரலால் தடவினாலே அந்த ஏற்ற இறக்கம் தெரியும், பழமைக்கு அது நல்ல அறிகுறி. மேசை முழுக்க ஒரே மாதிரி மின்னினால் ஒன்று புதியது, இல்லையென்றால் சமீபத்தில் யாரோ இயந்திரத்தில் மெருகேற்றியிருக்கிறார்கள், இரண்டாவது நடந்திருந்தால் அது பெரிய இழப்பு. தயவு செய்து கத்தியால் கீறியோ எலுமிச்சைச்சாறு விட்டோ சோதிக்காதீர்கள், அமிலம் பட்டால் சலவைக்கல் வெந்துபோகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்து, அடிப்பக்கம். விற்பவர் காட்ட மறுத்தால் அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பழைய ஃப்ளோரன்ஸ் வேலையில் அடியில் சிலேட் இருக்க வேண்டும், கைரம்பத்தின் ஒழுங்கற்ற தடங்கள், பழைய பிசின் மெழுகின் கறுத்த கசிவு, பிற்காலத்தில் போட்ட இரும்புப் பட்டை இதெல்லாம் இருக்கலாம். சீரான இயந்திர ரம்பக் கோடுகளும் தெளிவான நவீனப் பசையும் இருந்தால் அது நம் காலத்து வேலை. இப்போது தண்ணீர்ப் பாய்ச்சி வெட்டும் கணினி இயந்திரங்கள் இருக்கின்றன, அவற்றில் வெட்டிய துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் ‘இடைவெளியே இல்லை பாருங்கள்’ என்பது மட்டும் பழமைக்குச் சாட்சி ஆகாது. மறுபடியும் இதழைப் பாருங்கள். இயந்திரம் வெட்டும், தேடாது. சிவப்பு இதழ் என்றால் ஒரே சீரான சிவப்பு, இலை என்றால் ஒரே சீரான பச்சை, நிழல் எதுவுமே கல்லிலிருந்து வரவில்லை என்றால் அதைச் செய்தவர் கல்லைப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம், மேற்பலகையும் காலும் ஒரே காலத்தவை என்று எண்ணிவிடாதீர்கள். இத்தாலிக்குச் சுற்றுலா வந்த ஆங்கிலப் பிரபுக்கள் பலர் பலகையை மட்டும் வாங்கிக் கப்பலில் அனுப்பி, ஊரில் தச்சரிடம் கால் செய்துகொண்டார்கள். அலமாரிகள் பழையதாகி ரசனை மாறியதும் அவற்றிலிருந்து கல் படங்களைக் கழற்றிப் புதிய மேசைகளில் பதித்ததும் நடந்தது. அப்படி இருந்தால் தவறில்லை, ஆனால் ரசீதில் எது எந்தக் காலம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இந்தியாவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிச் சுற்றுலாச் சரக்காகவோ ஆக்ராவின் நல்ல வேலையாகவோ இருக்கத்தான் வாய்ப்பு. மெடிசி அரண்மனையிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லாத மெடிசிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஒருவேளை வாங்கிவிட்டால் வெயிலுக்கு முன்னால் வைக்காதீர்கள். உள்ளே பிடித்திருப்பது பிசினும் மெழுகும், சூட்டில் இளகும், கறுப்புப் பின்னணி வேறு வெயிலை உறிஞ்சிக்கொள்ளும், மெதுவாகத் துண்டுகள் எழும்பும். அலமாரி என்றால் ஏசி அறையின் வறட்சியில் மரம் சுருங்கிக் கல் நிற்கும் சட்டங்கள் விரியும். துடைக்க மென்மையான உலர்ந்த துணி போதும், பளபளப்புக்கென்று விற்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், காபிக் கோப்பையும் பழச்சாறும் அதன் மேல் கூடவே கூடாது. துண்டு ஒன்று கழன்றால் நீங்களே ஒட்டாதீர்கள், ஒரு உறையில் போட்டு எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதி வைத்துப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்த முறை ஃப்ளோரன்ஸ் போனால் உஃபிஸிக்குப் போவதற்கு முன்பே, வியா தெல்யி அல்ஃபானி தெருவில் இருக்கும் ஒபிஃபிச்சோவின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வரிசை நிற்க வேண்டியிருக்காது, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மாடியில் பழைய வேலை மேசைகள், கருவிகள், மெருகேற்றிய கல் மாதிரிகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் மாதிரிகளின் முன்னால் நின்று, இதில் எது ரோஜா இதழாகும், எது கிளியின் கழுத்தாகும் என்று நீங்களே தேடிப் பாருங்கள், அப்புறம் உஃபிஸிக்கு நடந்து போய் அந்த எண்கோண மேசையைப் பாருங்கள்.